ஃப்ரீ மோஷன் குயில்டிங்: எந்த ஃபுட் வாங்கலாம்?

குயில்ட் தைக்கத் தொடங்கிய தோழிகள் பலரும் ஒரே இடத்தில் வந்து தயங்கி நிற்கிறார்கள். துண்டுகளை இணைத்து மேல்துணி தயார். நடுவில் பேட்டிங் என்னும் பஞ்சு அடுக்கை விரித்தாயிற்று, அடியில் இன்னொரு துணி போட்டு மூன்றையும் சேர்த்து ஊக்குக் குத்தியாயிற்று. நேர்கோடாகத் தைக்க வாக்கிங் ஃபுட் கையில் இருக்கிறது. ஆனால் மனசு கேட்பது கொடியும் சுருளும் இலையும். கை போகிற போக்கில் ஊசியால் வரைய வேண்டும். அதற்கு ஒரு ஃபுட் வாங்கலாம் என்று தேடினால் டார்னிங் ஃபுட், ஹாப்பிங் ஃபுட், ஓப்பன் டோ, க்ளோஸ்டு டோ, எக்கோ, ரூலர் என்று வரிசையாக வந்து நிற்கிறது. சில நூறு ரூபாயிலும் இருக்கிறது, பல ஆயிரம் ரூபாயிலும் இருக்கிறது. படத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி, ஒரு ஸ்பிரிங்கும் ஒரு வளையமும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மிஷினின் ஷேங்க் (ஃபுட்டை மாட்டும் தண்டு) உயரத்துக்குச் சரியாகப் பொருந்துகிற, முன்பக்கம் திறந்த, உயரத்தைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள ஓர் உலோக ஃபுட். முதல் சில குயில்ட்களுக்கு அது ஒன்றே போதும். மற்றவை எல்லாம் குறிப்பிட்ட வேலை வரும்போது வாங்க வேண்டியவை. ஆனால் இதை நான் சொன்னதற்காக நம்ப வேண்டாம். ஃபுட் அங்கே என்ன செய்கிறது என்று ஒருமுறை புரிந்துவிட்டால், கடையில் எதைக் காட்டினாலும் நீங்களே எடை போட்டுவிடலாம்.

சாதாரணத் தையலில் கீழே இருக்கும் பல் துணியைப் பின்னால் நகர்த்துகிறது. அது வழுக்கிவிடாமல் ஃபுட் மேலிருந்து அழுத்திக்கொண்டே இருக்கிறது. ஃப்ரீ மோஷனில் பல்லுக்கு வேலை இல்லை. சில மிஷின்களில் பல்லை இறக்க ஒரு லீவர் இருக்கும்; சிலவற்றில் பல்லின் மேல் ஒரு தகட்டைப் போட்டு மூட வேண்டும். துணியை நகர்த்துவது நம் இரண்டு கைகள்தான். முன்னே, பின்னே, பக்கவாட்டில், வட்டமாக, எப்படி வேண்டுமானாலும். அப்படியென்றால் அழுத்திப் பிடிக்கிற ஃபுட் நமக்கு இடைஞ்சல்தானே, கழற்றி வைத்துவிடலாமே என்று தோன்றும்.

கழற்றி வைத்துத் தைப்பவர்கள் நம் ஊரில் தலைமுறையாக இருக்கிறார்கள். மிஷின் எம்பிராய்டரி அப்படித்தான் போடுகிறார்கள். எங்கள் தெருவில் அதைச் சொல்லிக்கொடுத்த ஓர் அக்கா மிதி மிஷினில் ஃபுட்டே இல்லாமல், பல்லையும் கழற்றிவிட்டு, ஜாக்கெட் துணியை ரிங்கில் விறைப்பாக இழுத்து மாட்டிக்கொண்டு ரோஜாப்பூ போடுவார். ரிங் ஊசிக்கு அடியில் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் தையல் ஒன்றுகூடத் தப்பாது. என் முதல் குயில்ட்டை அவரிடம் எடுத்துக்கொண்டு போனபோது விரித்துப் பார்த்துவிட்டு, "இது ரிங்குக்குள்ள அடங்காதேம்மா, துணி எழும்பிக்குமே, எதைக் கொண்டு பிடிப்பே?" என்று கேட்டார். ஃபுட் தேர்ந்தெடுப்பதில் உள்ள மொத்த விஷயமும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

துணி எழும்பினால் என்ன ஆகும்? தையல் மிஷினில் ஊசி அடிமட்டம் வரை இறங்கி, பிறகு மேலே ஏறத் தொடங்குகிறது. ஏறும்போது முதல் இரண்டு மில்லிமீட்டர் சொச்சத்தில், ஊசியோடு சேர்ந்து வர முடியாத நூல் ஊசியின் பின்பக்கம் ஒரு சின்ன வளையமாகப் புடைத்து நிற்கும். ஷட்டிலின் கொக்கிமுனை சரியாக அந்த நேரத்தில் வந்து அந்த வளையத்தை அள்ளிக்கொண்டு பாபின் நூலைச் சுற்றி எடுத்துச் செல்கிறது. அங்கேதான் தையல் உருவாகிறது. இப்போது துணியும் ஊசியோடு ஒட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டால் நூலும் கூடவே ஏறிவிடும், வளையம் விழாது, கொக்கி வெறுங்கையோடு போய்விடும். மேலே பார்த்தால் ஒரு தையல் விட்டுப்போய், நூல் நீளமாகக் கிடக்கும். எம்பிராய்டரியில் துணியின் விறைப்பு அதை எழும்பவிடாமல் தடுக்கிறது. பெரிய குயில்ட்டில் ரிங் மாட்டி மாட்டிக் கழற்ற முடியாது. ஆகவே அந்த வேலையை ஃபுட் ஏற்றுக்கொள்கிறது.

அதனால் நமக்கு வேண்டியது எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும் ஃபுட் இல்லை. ஊசி துணிக்குள் இருக்கிற நேரத்தில் பிடிக்க வேண்டும். ஊசி வெளியே வந்ததும் விட்டுவிட வேண்டும், அப்போதுதான் துணியை நகர்த்த முடியும். டார்னிங் ஃபுட்டில் இருக்கும் ஸ்பிரிங்கும், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியும் இதற்காகத்தான். அந்தக் கம்பி ஊசியை முடுக்கும் ஸ்க்ரூவின் மேல் உட்கார்ந்திருக்கும். ஊசி ஏறும்போது ஸ்க்ரூ கம்பியைத் தூக்க, ஃபுட்டும் ஏறுகிறது. ஊசி இறங்கும்போது ஸ்பிரிங் ஃபுட்டைக் கீழே தள்ளித் துணியைப் பிடிக்கிறது. நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை இந்தப் பிடித்தலும் விடுதலும் நடக்கின்றன. டக் டக் என்று ஒரு சத்தமும் கூடவே வரும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

கிழிந்த துணியை இழையோட்டிச் சரிசெய்ய வீட்டு மிஷின்களோடு வந்த எளிய துணைக்கருவி இந்த டார்னிங் ஃபுட். இதை வைத்துக் குயில்ட் தைத்தவர்களைக் கைத்தையல்காரர்கள் நெடுங்காலம் சமமாக மதிக்கவில்லை. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் படூகா நகரில் நடக்கும் பெரிய குயில்ட் கண்காட்சியில், 1989-இல் கேரில் பிரையர் ஃபாலர்ட் தைத்த சூரிய கிரகணக் குயில்ட் முதல் பரிசு பெற்றது. மிஷினில் குயில்ட் செய்த படைப்பு ஒன்று அங்கே அந்த உச்சப் பரிசை வாங்கியது அதுவே முதல்முறை. மிஷின் குயில்டிங்குக்கு மதிப்பு கூடக் கூட மிஷின் கம்பெனிகளும் இந்த ஃபுட்டைப் பொருட்படுத்தி, ஓப்பன் டோ, கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக், உயரம் மாற்றும் திருகு என்று விதவிதமாகச் செய்து விற்கத் தொடங்கின. இன்றைக்கு நம் முன்னால் இத்தனை வகை இருப்பதற்குப் பின்னால் மிஷினில் குயில்ட் தைத்த அந்தப் பெண்களின் பிடிவாதம் இருக்கிறது என்பதை நான் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

சரி, வாங்கும் விஷயத்துக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது ஷேங்க். எவ்வளவு நல்ல ஃபுட்டாக இருந்தாலும் இது பொருந்தாவிட்டால் காசு வீண். உங்கள் மிஷினில் ஃபுட்டை இறக்கிவிட்டு, ஃபுட் ஹோல்டரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் மையத்திலிருந்து கீழே ஊசித்தகடு வரை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். முக்கால் அங்குலம் அளவுக்கு இருந்தால் லோ ஷேங்க். ஒன்றேகால் அங்குலம் பக்கம் வந்தால் ஹை ஷேங்க். நம் வீடுகளில் இருக்கும் உஷா ஜனோம், சிங்கர், பிரதர் மிஷின்களில் பெரும்பாலானவை லோ ஷேங்க்தான். ஜனோமின் பெரிய மாடல்கள் சில, ஜூக்கியின் டி.எல். வரிசை போன்ற நேர்த்தையல் மிஷின்கள் ஹை ஷேங்க். பெர்னினாவுக்கு அதன் சொந்த அமைப்பு; அடாப்டர் போட்டால்தான் வேறு ஃபுட் ஏறும். சிங்கரின் பழைய சாய்ந்த ஊசி மாடல்களுக்கு ஸ்லான்ட் ஷேங்க் என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். திருப்பூர், ஈரோடு பக்கம் இருப்பவர்கள் ஸ்பேர்ஸ் கடைகளில் ஃபுட் குவிந்து கிடப்பதைப் பார்த்து ஆசைப்படலாம். அங்கே கிடைப்பதில் பெரும்பகுதி ஃபேக்டரி மிஷின்களுக்கானது. உங்கள் மிஷின் ஹோல்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள்.

கழற்றி என்று சொன்னேன் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் மாற்றுகிற ஃபுட்கள் க்ளிக் என்று மாட்டிக் கழற்றுபவை. ஃப்ரீ மோஷன் ஃபுட் அப்படி மாட்டாது. அந்த க்ளிக் ஹோல்டரையே ஸ்க்ரூவோடு கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இதை நேரடியாக முடுக்க வேண்டும். விரலால் முடுக்கினால் போதாது, ஸ்க்ரூ டிரைவரால் இறுக்குங்கள். இந்த ஃபுட் குதிக்கிற குதியில் ஸ்க்ரூ தளர்ந்துவிடும். தளர்ந்தால் ஃபுட் நகர்ந்து ஊசி அதன்மேல் இடிக்கும். மாட்டும்போது ஊசி மேலே இருக்கட்டும். கம்பி ஊசி ஸ்க்ரூவின் மேல்பக்கம் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். கீழ்ப்பக்கம் சிக்கிக்கொண்டால் ஃபுட் ஏறவே ஏறாது. சில மாடல்களில் கம்பிக்குப் பதில் கவட்டை போல இரண்டு விரல் இருக்கும், அது ஸ்க்ரூவைக் கவ்விக்கொள்ள வேண்டும்.

அடுத்தது உயரம். இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் வாங்கும்போது யாரும் இதைக் கேட்பதில்லை. ஊசி கீழே இருக்கும்போது ஃபுட்டின் அடிப்பாகம் துணியின் மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் உட்கார வேண்டும். அந்த இடம் உங்கள் குயில்ட்டின் தடிமனைப் பொறுத்து மாறும். மெல்லிய பருத்தி பேட்டிங் போட்டால் ஒரு உயரம். எங்கள் ஊரில் சோஃபா தைக்கும் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் பாலியஸ்டர் பஞ்சைப் போட்டால் அதே ஃபுட் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அந்தப் பஞ்சு பொங்கி நிற்கும். ஃபுட் தாழ்வாக இருந்தால் முன்னால் ஓர் அலை எழுப்பித் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் மேல்துணியில் மடிப்பு விழவைக்கும்.

ஃபுட் உயரம் சரியில்லை என்பதைத் துணியே சொல்லிவிடும். மிக உயரமாக இருந்தால் தையல் விட்டுப்போகும், நூல் சிலும்பி அறும், ஒவ்வொரு குத்துக்கும் துணி ஊசியோடு மேலே வந்து பிளேட்டில் மொத்தென்று விழும். மிகத் தாழ்வாக இருந்தால் கை இழுத்தாலும் துணி வராது, இழுத்து இழுத்துத் தையல் ஓரிடத்தில் நெருக்கமாகவும் அடுத்த இடத்தில் நீளமாகவும் விழும், தையல் மடிப்பு ஒன்றுகூடும் இடங்களில் ஃபுட் முட்டிக்கொண்டு நிற்கும். தையல் சீராக வரவில்லை என்று தன் கையைக் குறை சொல்லிக்கொள்பவர்களில் பலருக்கு உண்மையில் ஃபுட் அரை மில்லிமீட்டர் தாழ்வாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இதனால்தான் உயரம் மாற்றும் திருகு உள்ள ஃபுட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம் என்கிறேன். ஜனோமில் கன்வெர்ட்டிபிள் ஃப்ரீ மோஷன் செட் என்று ஒன்று வருகிறது. ஒரே தண்டு, அதில் க்ளோஸ்டு, ஓப்பன், பெரிய பிளாஸ்டிக் என்று மூன்று அடிப்பாகங்களை மாற்றி மாட்டலாம். பக்கத்தில் உள்ள திருகால் உயரத்தை நுணுக்கமாக மாற்றலாம். உங்கள் மாடலுக்கு அது வரும் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். லோ ஷேங்க், ஹை ஷேங்க் இரண்டுக்கும் தனித்தனி வகை உண்டு, பார்த்துக் கேளுங்கள். ஏற்கெனவே திருகு இல்லாத சாதா டார்னிங் ஃபுட் வைத்திருக்கிறீர்கள் என்றாலும் கவலை இல்லை. ஃபுட் தாழ்வாக இருந்தால் கம்பி ஸ்க்ரூவின் மேல் உட்காரும் இடத்தில் சின்ன ரப்பர் பேண்டைச் சில சுற்றுச் சுற்றுங்கள். அந்தத் தடிமனுக்கு ஃபுட் மேலே ஏறி நிற்கும். மிஷின் மேலே ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைக்கும் டயல் இருந்தால் அதையும் தளர்த்திப் பாருங்கள்.

இந்தக் குதிப்பே வேண்டாம் என்று சொல்கிற ஒரு கூட்டமும் இருக்கிறது. அமெரிக்கக் குயில்ட்காரர் லியா டே, சாதாரண டார்னிங் ஃபுட்டின் கம்பியை வளைத்து, ரப்பர் பேண்ட் போட்டு, ஃபுட் ஊசியோடு ஏறி இறங்காமல் துணிக்குச் சற்று மேலேயே மிதந்து நிற்கும்படி மாற்றிக்கொள்வதைப் பலருக்கும் சொல்லிக்கொடுத்தார். மெல்லிய பேட்டிங்குக்கு இது அருமையாக வேலை செய்கிறது. சத்தம் குறையும், கண் களைக்காது, நுணுக்கமான நிரப்புத் தையலில் ஊசியையே பார்த்துக்கொண்டு போகலாம். ஆனால் தடிமன் ஏறி இறங்குகிற குயில்ட்டில், உதாரணமாக ஜீன்ஸ் துண்டுகளை இணைத்தது, இது ஒத்துவராது. ஓர் இடத்தில் சரியாக நிற்கும் ஃபுட் அடுத்த இடத்தில் உயரமாகிவிடும், தையல் தப்பும். நான் ஒட்டுத் துண்டுகள் நிறைய இருக்கும் குயில்ட்டுக்குக் குதிக்கிற ஃபுட்டையும், ஒரே துணியால் ஆன மேல்பரப்புக்கு மிதக்கிற ஃபுட்டையும் போடுகிறேன். புதிய கம்ப்யூட்டர் மிஷின்கள் சிலவற்றில் ஸ்பிரிங் முறை, மிதக்கும் முறை என்று மெனுவிலேயே இரண்டு இருக்கும். உங்கள் ஃபுட் எந்த வகையோ அந்த முறையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஃபுட்டும் மிஷினும் ஒன்றோடொன்று மோதி அடிபடலாம்.

இனி அடிப்பாகத்தின் வடிவம். ஓப்பன் டோ என்பது முன்பக்கம் வளையம் வெட்டி விட்டது, ஊசியும் அது குத்தப்போகும் இடமும் மறைவில்லாமல் தெரியும். வரைந்த கோட்டின் மேல் தைப்பவர்களுக்கும், ஒரு தையலை ஏற்கெனவே போட்ட தையலின் மேல் கொண்டுவந்து சேர்க்க வேண்டியவர்களுக்கும் இதற்கு மேல் ஒன்று தேவையில்லை. கூழாங்கல் டிசைன் போடுபவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு வட்டமும் பக்கத்து வட்டத்தைத் தொட்டு முடிய வேண்டும்; ஒரு நூலளவு தள்ளிப் போனாலும் கண்ணை உறுத்தும். அதற்கு ஊசிமுனை தெரிய வேண்டும். க்ளோஸ்டு டோ என்பது முழு வளையம். துணியை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிப் பிடிக்கும். அப்ளிக்கே துண்டுகளின் ஓரம், அவிழ்ந்த நூல், ஊக்கின் முனை எதுவும் உள்ளே புகுந்து மாட்டாது. பொங்குகிற பஞ்சுக்கு இதுதான் நல்லது. இரண்டில் ஒன்று என்றால் நான் ஓப்பன் பக்கம்தான். பார்வை இல்லாமல் கட்டுப்பாடு வராது.

தெளிவான பிளாஸ்டிக் அடியுள்ள பெரிய ஃபுட் பார்க்க நன்றாக இருக்கிறது, அகலமாகப் பிடிக்கிறது, பஞ்சை நன்றாக அமுக்குகிறது. ஆனால் மிஷின் விளக்கு அதில் பட்டுக் கூசும். தைக்கத் தைக்கக் கீறல் விழுந்து மங்கிப்போகும். ஊசி வளைந்து ஒருமுறை குத்திவிட்டால் விரிசல் விடும். பெரிய பெரிய வளைவுகளாகப் போடுகிற டிசைனுக்கு வைத்துக்கொள்ளலாம். முப்பது, நாற்பது ஃபுட் அடங்கிய மலிவுப் பெட்டிகளில் வரும் டார்னிங் ஃபுட்டும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். கையில் இருந்தால் பழகத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். இதற்காகவே அந்தப் பெட்டியை வாங்க வேண்டாம். மீதி ஃபுட்களில் பாதிக்கு உங்களுக்கு வேலையே வராது.

எக்கோ ஃபுட்டில் வட்டத்துக்குள் வட்டமாகக் கோடுகள் பொறித்திருக்கும். ஹவாய் தீவுகளின் குயில்ட்களில் ஒரு பெரிய இலை உருவத்தைச் சுற்றி அலை அலையாகக் கரைவரை தையல் போகும் அல்லவா, அந்த மாதிரி ஒரே இடைவெளியில் சுற்றுகள் போட அது உதவும். அந்த வேலை இல்லாதவர்களுக்குத் தேவைப்படாது. ஓரம் மேல்நோக்கி வளைந்த கிண்ண ஃபுட், தடித்த தையல் மடிப்புகளின் மேலும் அப்ளிக்கே ஓரங்களின் மேலும் தட்டாமல் ஏறிப்போகும். பழைய புடவைத் துண்டுகளை அடுக்கடுக்காக வைத்துத் தைப்பவர்களுக்கு நல்லது.

ரூலர் ஃபுட் தனிக்கதை. அது கனமான, உயரமான சுவர் கொண்ட வட்ட ஃபுட். வெளிவிட்டம் அரை அங்குலம், ஊசி நடுமையத்தில். ஆகவே ரூலர் எனப்படும் அக்ரிலிக் அச்சின் ஓரத்தில் ஃபுட்டை உரசிக்கொண்டு போனால் தையல் அச்சிலிருந்து சரியாகக் கால் அங்குலத்தில் விழும். நேர்கோடு, வளைவு, நட்சத்திரம் எல்லாம் கையால் போட்டது என்று யாரும் நம்பாத அளவுக்குக் கச்சிதமாக வரும். இங்கே சாதாரண டார்னிங் ஃபுட்டையும் அளவு ஸ்கேலையும் வைத்து ஒருபோதும் முயலாதீர்கள். அதன் அடிப்பாகம் மெல்லிய தகடு. அது ஏறும் நேரத்தில் ஸ்கேல் அடியில் வழுக்கிப் போய்விடும், அடுத்த குத்து ஸ்கேலின் மேல்தான். ஊசி உடைந்து தெறிக்கும். கண்ணுக்கு ஆபத்து, ஷட்டிலுக்கும் சேதம். ரூலர் ஃபுட் வாங்கும்போதும் அச்சின் தடிமன் ஷேங்குக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஹை ஷேங்குக்கு ஆறு மில்லிமீட்டர், லோ ஷேங்குக்கு மூன்று மில்லிமீட்டர் என்பது பொதுவான அளவு, இடையில் நாலரையும் உண்டு. தடித்த அச்சை லோ ஷேங்க் மிஷினில் வைத்தால் ஊசியைப் பிடித்திருக்கும் பகுதி இறங்கி வந்து அதில் இடிக்கும். வாங்கியதும் கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் மோட்டாரை ஓட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவின் வெஸ்டலீ இதில் பெயர் பெற்றது. வீட்டு மிஷினிலேயே அச்சு வைத்துத் தைக்கும் பழக்கம் பரவியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் கையால் சுருளும் கொடியும் போடப் பழகிய பிறகு இதற்கு வாருங்கள். துணியை நகர்த்தும் வேகமும் மிஷின் ஓடும் வேகமும் கைக்குப் பிடிபடாமல் ஒரு கையில் அச்சையும் பிடிப்பது சிரமம்.

பெர்னினாவின் ஸ்டிட்ச் ரெகுலேட்டர் பற்றியும் கேட்பார்கள். அது ஃபுட்டோடு சேர்ந்த ஒரு சென்சார். துணி எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று ஒளியால் பார்த்து, மிஷின் வேகத்தை அதற்கேற்ப மாற்றி, தையல் நீளத்தை ஒரே அளவில் வைக்கிறது. அற்புதமான கருவிதான். ஆனால் அதற்கென்று உள்ள மிஷினில்தான் வேலை செய்யும், விலையும் அதற்கேற்றபடி. சீரான தையல் என்பது கையும் காலும் சேர்ந்து பழகுவதால் வருவது, அது இல்லாமலும் வரும் என்று துணிந்து சொல்வேன். எங்கள் தெரு அக்காவின் ரோஜாப்பூவைப் பார்த்தவர்கள் யாரும் இதை மறுக்கமாட்டார்கள்.

புது ஃபுட்டை மாட்டியதும் உண்மையான குயில்ட்டில் இறங்காதீர்கள். அதே மேல்துணி, அதே பேட்டிங், அதே அடித்துணி மூன்றையும் ஒரு முழ அளவுக்கு வெட்டி அடுக்கிக்கொள்ளுங்கள். வேறு பஞ்சில் பார்த்த உயரம் இதற்கு உதவாது. பல்லை இறக்குங்கள். ஊசி புதிதாக இருக்கட்டும், 90/14 டாப்ஸ்டிட்ச் அல்லது குயில்டிங் ஊசி. மிஷினில் நேர்த்தையலுக்கான ஒற்றை ஓட்டைத் தகடு இருந்தால் அதை மாட்டுங்கள். ஓட்டை சின்னதாக இருந்தால் துணி உள்ளே அமுங்காது, தையல் தப்புவது இன்னும் குறையும். அதைக் கழற்றாமல் ஜிக்ஜாக் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

பிறகு ஃபுட்டை இறக்கும் லீவரைக் கட்டாயம் இறக்குங்கள். இந்த ஃபுட் துணியை அழுத்தாமல் மேலேயே நிற்பதால் லீவர் இறங்கியிருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாது. லீவர் மேலே இருந்தால் டென்ஷன் தட்டுகள் நூலைப் பிடிக்காது. மேலே பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், திருப்பினால் அடியில் கொத்துக் கொத்தாக நூல் சுருண்டு கிடக்கும். ஃபுட்டில் கோளாறு என்று பலர் திருப்பிக் கொடுத்துவிடுவது இதனால்தான்.

லீவர் இறங்கியதும் சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றி ஊசியைத் துணிக்குள் முழுதாக இறக்குங்கள். ஃபுட் துணியின் மேல் மெல்ல உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். இன்னும் சுற்றி ஊசியை மேலே கொண்டுவாருங்கள். இப்போது துணியை எந்தப் பக்கமும் தடையில்லாமல் இழுக்க முடிய வேண்டும். இரண்டும் சரி என்றால் பாபின் நூலை மேலே எடுத்து, இரண்டு நூலையும் பிடித்துக்கொண்டு, அந்த இடத்திலேயே சில சின்னத் தையல் போட்டு முடிச்சாக்கிவிட்டு ஓட்டத் தொடங்குங்கள். முதலில் ஒரு திசையில், பிறகு பக்கவாட்டில், பிறகு வட்டம். நேராகப் போகும்போது தப்பாத தையல், பின்னோக்கியோ பக்கவாட்டிலோ போகும்போது தப்பினால் கை துணியைக் கொஞ்சம் அவசரமாக இழுக்கிறது, ஊசி வளைகிறது என்று பொருள். எல்லாத் திசையிலும் தப்பினால் ஃபுட்டைச் சிறிது இறக்குங்கள். தடித்த மடிப்பில் மட்டும் முட்டினால் சிறிது ஏற்றுங்கள். சரியான இடம் கிடைத்ததும் திருகு எவ்வளவு சுற்றியிருக்கிறது என்று எழுதி, அந்தத் துண்டுத் துணியிலேயே பின் குத்தி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே பேட்டிங் வாங்கும்போது திரும்பத் தேட வேண்டியதில்லை.

பழைய ஃபுட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அடிப்பாகத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். ஊசி இடித்த இடத்தில் சின்னப் பிசிறு இருந்தால் மெல்லிய எமரித் தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள், இல்லாவிட்டால் அது மேல்துணியின் இழைகளைப் பிய்த்துக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங்கை விரலால் அழுத்தி விட்டால் சட்டென்று திரும்பி வர வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் ஸ்பிரிங்குக்குள் அடைந்திருக்கும் பஞ்சுத் தூசியைப் பழைய பல் துலக்கும் பிரஷால் எடுத்துவிட்டு, தண்டில் ஒரே ஒரு சொட்டு மிஷின் ஆயில் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். அப்போதும் சோம்பினால் புதிது வாங்கும் நேரம் வந்துவிட்டது. அளவு ஸ்கேலோடு மிஷின் முன்னால் உட்கார்ந்து ஷேங்க் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு கடைக்குக் கிளம்புங்கள்.